கற்றதை மட்டுமே கையிருப்பாகக் கொண்டு ஆடும் விளையாட்டுகள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கைப்பேசியில் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள் சலித்துவிட்டன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஒரு சாதாரண மடிக்கணினி இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பியபின் ஒரு மணி நேரம் கிடைக்கும். நண்பர்கள் நூறு மணி நேரம் நீளும் பெரிய விளையாட்டுகளைப் பரிந்துரைக்கிறார்கள்; அவற்றை வாங்கித் தொடங்கி, இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்தவை எவை, அவற்றுள் எதிலிருந்து தொடங்கலாம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு "சிறந்த பத்து" என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அப்படிப்பட்ட பட்டியல்களைப் படித்து வாங்கிய விளையாட்டுகள்தாம் பலருடைய கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கின்றன. ஆகவே என் விருப்பத்துக்கு அடிப்படையாக இருப்பது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் மீதியைப் படிக்க வேண்டிய தேவை இல்லை.

பெரும்பாலான விளையாட்டுகளில் வளர்ச்சி என்பது திரைக்குள் இருக்கும் பாத்திரத்துக்கு நிகழ்வது. வாளின் வலு கூடுகிறது, கவசம் தடிக்கிறது, நிலை எண் ஏறுகிறது. முப்பது மணி நேரத்துக்குப் பிறகு ஒரு எதிரியை எளிதில் வீழ்த்த முடிகிறது என்றால், அதில் பாதிக்கு மேல் அந்த எண்களின் வேலைதான். எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டுகளில் பாத்திரம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும், வளர்வது ஆடுபவருடைய அறிவு மட்டுமே. முதல் நிமிடத்திலேயே கடைசிக் கதவைத் திறந்துவிட எந்தத் தடையும் இருக்காது. அதை எப்படித் திறப்பது என்பது தெரியாது, அவ்வளவுதான். அந்த அறிவைத் தேடிச் சேர்ப்பதே முழு ஆட்டமும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிற ஒருவருக்கு இந்த வகை பொருந்துவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு: கணினியை அணைத்தபின்னும் ஆட்டம் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும், மறுநாள் பேருந்தில் போகும்போது விடை கிடைக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் II கணினிக்கு வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை நம்மில் பலர் தொண்ணூறுகளில் டாஸ் கணினிகளில், ஃபிளாப்பியிலிருந்து ஏற்றி ஆடியிருக்கிறோம். அதன் நான்காம் கட்டத்தில் இளவரசன் ஒரு கண்ணாடியின் ஊடே பாய்ந்து செல்லும்போது அவனுடைய நிழலுரு பிரிந்து மறுபக்கமாக ஓடிவிடும். பன்னிரண்டாம் கட்டத்தில் அதே நிழல் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் அதன் உயிர் குறைகிறது. கூடவே நம் உயிரும் குறைகிறது. வெட்டிக் கொன்றால் நாமும் செத்து விழுகிறோம். அதுவரை பதினொரு கட்டங்களாகப் பழகிய வாள்வீச்சு முழுவதும் இங்கே பயனற்றுப் போகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு நிழலை நோக்கி நடக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த விடைக்கு வேண்டிய பொத்தான் முதல் சண்டையிலிருந்தே நம் கையில் இருந்தது. நான் மேலே சொன்னது இதைத்தான். பின்னால் வரும் விளையாட்டுகள் எல்லாம் இந்த ஒரு தருணத்தை எடுத்து முழு நீளத்துக்கு விரித்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தொடங்குவதற்கு வால்வ் நிறுவனத்தின் போர்ட்டலைச் சொல்வேன். 2007-இல் வந்தது; டிஜிபென் கல்லூரி மாணவர்கள் படிப்புக்காகச் செய்த நார்பகுலர் டிராப் என்ற சிறு விளையாட்டைப் பார்த்து, அந்த மாணவர்களையே வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டு செய்தது. நீல வாயில் ஒன்று, ஆரஞ்சு வாயில் ஒன்று. ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றின் வழியே வெளியே வருவோம், உள்ளே போன வேகம் குறையாமல். 19 சோதனை அறைகளும், அவற்றுக்குப் பின்னால் வேறு சிலவும் உண்டு. மூன்று நான்கு மாலைகளில் முடிந்துவிடும். உங்கள் மடிக்கணினியில் தாராளமாக ஓடும். ஒவ்வொரு அறையும் ஒரே ஒரு புதிய விஷயத்தைச் சொல்லித் தருகிறது, ஆனால் பாடம் நடத்துவதுபோல் தோன்றாது. 2011-இல் வந்த இரண்டாம் பாகம் கதையிலும் நகைச்சுவையிலும் இன்னும் செழுமையானது. முதல் பாகத்தின் கச்சிதம் அதில் இல்லை.

அதன்பின் நேராக என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன்: லூகாஸ் போப் 2018-இல் வெளியிட்ட ரிட்டர்ன் ஆஃப் தி ஒப்ரா டின். வடிவமைப்பு, நிரல், ஓவியம், இசை எல்லாம் அவர் ஒருவருடைய கைவேலை. 1802-இல் லண்டனிலிருந்து புறப்பட்ட ஒரு வணிகக் கப்பல் காணாமல் போகிறது. 1807-இல் ஆளில்லாமல், கிழிந்த பாய்களோடு இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வந்து சேர்கிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். ஒவ்வொருவரும் யார், அவர்களுக்கு என்ன நேர்ந்தது, கொல்லப்பட்டிருந்தால் யார் கையால் என்பதை ஒரு புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும். அதுதான் வேலை, வீரம் காட்ட இடமே இல்லை.

கையில் ஒரு கடிகாரம் கொடுக்கப்படுகிறது. இறந்தவரின் எச்சத்துக்கு அருகே அதைத் திறந்தால் முதலில் திரை கறுத்து, அவர் இறப்பதற்கு முந்தைய சில நொடிகளின் ஒலி மட்டும் கேட்கும்; அதன்பின் இறந்த கணம் அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். முதல் நினைவிலேயே சிலர் ஒரு கதவைத் தட்டி, "கேப்டன், கதவைத் திற" என்று கத்துகிறார்கள், வெடிச்சத்தம் கேட்கிறது, உறைந்த காட்சியில் கையில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். யாரும் அவருடைய பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கப்பலின் ஆள்பட்டியலில் கேப்டன் ஒருவர்தான். இப்படித்தான் தொடங்குகிறது. போகப்போகத் துப்பு இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. ஒருவருடைய பேச்சின் உச்சரிப்பு எந்த நாட்டைச் சேர்ந்தது, தூங்கும் ஊஞ்சல் படுக்கையில் என்ன எண் தைக்கப்பட்டிருக்கிறது, சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார், யாருடைய சட்டையில் எந்தப் பதவிக்குரிய பொத்தான் என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கொலைக் காட்சியின் மூலையில், கொலையோடு தொடர்பே இல்லாமல் யாரோ ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைக் கவனித்தால்தான் அவர் பெயர் கிடைக்கும். ஆள்பட்டியலில் இந்தியாவைச் சேர்ந்த மாலுமிகளும் இருக்கிறார்கள். கம்பெனிக் கப்பல்களில் இங்கிருந்து போனவர்கள் வேலை செய்தது வரலாறு. ஆனால் பெரும்பாலான கதைகளில் அவர்கள் பின்புலக் கூட்டமாகவே நின்றுவிடுவார்கள். இங்கே அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரையும் முடிவையும் கண்டுபிடித்து எழுதாமல் உங்கள் அறிக்கை நிறைவடையாது.

இதன் நுணுக்கமான ஏற்பாடு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதும் விடைகள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படுவதில்லை. மூன்று பேருடைய விவரங்கள் முழுவதும் சரியாக அமைந்தால்தான் புத்தகம் அவற்றை அச்செழுத்தில் உறுதிசெய்கிறது. மூன்று என்ற எண் மிகவும் யோசித்துத் தேர்ந்தது. ஒவ்வொன்றாக உறுதிசெய்தால் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டே தப்பித்துவிடலாம்; பத்து பேராக வைத்திருந்தால் எங்கே பிழை என்றே தெரியாமல் மனம் விட்டுப்போகும். மூன்று என்பதால் இரண்டு பேரை உறுதியாக அறிந்த நிலையில் மூன்றாமவரைக் கொஞ்சம் ஊகிக்கலாம். அந்தச் சிறு சலுகை ஆட்டத்தை ஓட வைக்கிறது. இன்னொன்று: ஒருவருடைய முகம் புத்தகத்தில் மங்கலாகத் தெரிந்தால் அவரை அடையாளம் காணப் போதிய தகவல் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். முகம் தெளிந்துவிட்டால் தேவையான அனைத்தையும் நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள். அதைத் தெரிந்துகொண்டு ஆடினால் வீண் எரிச்சல் மிச்சம்.

திரையில் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே, பழைய மேகிண்டாஷ் கணினித் திரைபோல. முதல் கால் மணி நேரம் கண்ணுக்கு வித்தியாசமாக இருக்கும், பிறகு பழகிவிடும். பத்து மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடியும். உங்கள் கணினியில் இது ஓடும் என்றே நம்புகிறேன். வாங்கிய உடனே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதே போப் 2013-இல் செய்த பேப்பர்ஸ், ப்ளீஸ் வேறு ரகம். அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டுகளைச் சோதிக்கும் குமாஸ்தா நீங்கள். ஒவ்வொரு நாளும் புதிய விதிமுறை வரும், வரிசை நீளும், சம்பளம் வீட்டு வாடகைக்கும் சூடேற்றும் செலவுக்கும் போதாது. அரசு அலுவலகச் சாளரத்துக்கு வெளியே வரிசையில் நின்றே பழகிய நமக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நெருக்கடியை இவ்வளவு துல்லியமாக வேறு எதுவும் காட்டியதில்லை என்பேன். 2022-இல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

ஒப்ரா டின் பிடித்துப்போனால் அடுத்தது தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல். லாட்வியாவைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் உருவாக்கி 2022-இல் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பொற்சிலை கைமாறிக்கொண்டே போக, அது போகுமிடமெல்லாம் சாவு. ஒவ்வொரு காட்சியிலும் கடிதங்கள், சட்டைப்பை, சுவரொட்டி என்று துழாவிச் சொற்களைச் சேகரித்து, கோடிட்ட இடங்களை நிரப்பி நடந்தது என்ன என்று எழுத வேண்டும். பாத்திரங்களின் முகங்கள் வேண்டுமென்றே அவலட்சணமாக வரையப்பட்டிருக்கின்றன; எனக்கு அது பிடிக்கும், சிலருக்கு ஒவ்வாது. ஒரு காட்சியை முடிக்க ஏறக்குறைய ஒரு மாலை போதும் என்பதால் உங்கள் நேரக் கணக்குக்கு மிகச் சரியாக அமையும். 1970-களில் நடக்கும் அடுத்த பாகம் 2024-இல் வந்தது. முதலாவதை முடிக்காமல் அதற்குப் போக வேண்டாம்.

சாம் பார்லோவின் ஹெர் ஸ்டோரி (2015) இந்தக் குடும்பத்தின் மிக எளிய உறுப்பினர். பழைய காவல்துறைக் கணினி ஒன்றின் திரை. அதில் ஒரு பெண்ணிடம் 1994-இல் நடத்திய விசாரணைகள் சிறு சிறு துண்டுக் காணொளிகளாக இருக்கின்றன. ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் அந்தச் சொல் பேசப்பட்ட துண்டுகள் வரும், ஆனால் எத்தனை இருந்தாலும் முதல் ஐந்தை மட்டுமே பார்க்கலாம். இந்த ஒரே கட்டுப்பாடுதான் முழு விளையாட்டும். "கணவன்" என்று தேடினால் ஏராளமாக வந்து ஐந்தோடு நின்றுவிடும். அந்த ஐந்தில் தற்செயலாக அவள் உச்சரித்த ஓர் ஊரின் பெயரையோ ஒரு பொருளின் பெயரையோ பிடித்துக்கொண்டு அடுத்த தேடலுக்குப் போக வேண்டும். ஆடுபவர் ஒவ்வொருவரும் வெவ்வேறு வரிசையில் உண்மையை அடைகிறார்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பேச்சு முழுவதும் பிரிட்டிஷ் ஆங்கிலம், காதால் கேட்டுப் பிடிப்பது கடினமாக இருந்தால் வசன எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் கிடைக்கிறது.

இனி, எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் விளையாட்டு. அதைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், உங்கள் மடிக்கணினியில் அது பெரும்பாலும் சரியாக ஓடாது என்பதுதான். அவுட்டர் வைல்ட்ஸ், 2019. அலெக்ஸ் பீச்சம் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்காகத் தொடங்கிய திட்டம். பிறகு மொபியஸ் டிஜிட்டல் நிறுவனத்தில் வளர்ந்து முழு விளையாட்டானது. 2020-இல் பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. இதே சாயலில் பெயர் கொண்ட, சுட்டு விளையாடும் வேறொன்று அதே ஆண்டில் வெளிவந்தது. வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

மரமும் தகரமும் ஒட்டுப்போட்ட ஒரு சிறு விண்கலம், மிகச் சிறிய கோள்கள் நிறைந்த ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். நீங்கள் புதிதாகச் சேர்ந்த விண்வெளி வீரர். எங்கு போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 22 நிமிடங்கள் கழித்துச் சூரியன் வெடித்து எல்லாம் அழிகிறது. நீங்கள் தொடங்கிய இடத்தில், அணையாத் தீயின் அருகே மீண்டும் கண்விழிக்கிறீர்கள். கப்பலின் குறிப்பேட்டில் பதிந்தவையும் உங்கள் தலைக்குள் இருப்பவையும் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. புதிய கருவி, கூடுதல் எரிபொருள், பெரிய இயந்திரம் எதுவும் ஆட்டம் முடியும்வரை கிடைக்காது. தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே கடைசிக் காட்சிக்குப் போய்விடலாம். தெரிந்துகொள்ளத்தான் இருபது மணி நேரம் ஆகிறது.

அந்த 22 நிமிடங்களில் உலகம் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை என்பதுதான் இதன் அழகு. இரட்டைக் கோள்கள் இரண்டு ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் ஒரு தூணாக ஓயாமல் பாய்கிறது. தொடக்கத்தில் ஒன்றின் குகைகள் திறந்து கிடக்கும், மற்றதன் கோபுரங்கள் மணலுக்குள் புதைந்திருக்கும். நேரம் போகப்போகக் குகைகள் நிரம்பி மூடிக்கொள்ளும், கோபுரங்கள் வெளியே வரும். ஆகவே ஓரிடத்துக்கு எப்படிப் போவது என்பதோடு எப்போது போவது என்பதும் கேள்வியாகிறது. இன்னொரு கோளின் நடுவே கருந்துளை. அதன் நிலவிலிருந்து வந்து விழும் எரிமலைக் குழம்பு கோளின் மேலோட்டைத் துண்டு துண்டாக உடைத்து உள்ளே தள்ளுகிறது, நீங்கள் நின்றுகொண்டிருக்கும் துண்டு உட்பட. மூன்றாவது ஒன்று முழுவதும் கடல். அதன் சூறாவளிகள் தீவுகளை அப்படியே தூக்கி விண்வெளிக்கு வீசிவிட்டு மறுபடி நீரில் போடும். இவையெல்லாம் ஒவ்வொரு சுற்றிலும் அதே நேரத்தில், அதே முறையில் நடக்கின்றன. இங்கே முன்பு வாழ்ந்து மறைந்த நோமாய் என்ற இனத்தார் சுவர்களில் சுருள் சுருளாக எழுதிவைத்த உரையாடல்களைப் படித்துப் படித்து, அவர்கள் என்ன செய்ய முயன்றார்கள் என்பதை நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும்.

ஒலிவாங்கிக் கருவியை விண்ணை நோக்கித் திருப்பினால், உங்களுக்கு முன் புறப்பட்டுப் போன பயணிகள் ஆளுக்கொரு கோளில் அமர்ந்து வாசிப்பது கேட்கும். ஒருவர் பாஞ்சோ, ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் பறை போன்ற ஒரு தாளக்கருவி, ஒருவர் வெறும் சீழ்க்கை. கருவியின் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இரண்டு மூன்று ஒலிகளை ஒரே நேர்க்கோட்டில் பிடித்தால் அவை ஒரே பாட்டின் பகுதிகள் என்பது தெரியவரும். ஆண்ட்ரூ பிராலோவின் இந்த இசை பின்னணியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. எது எங்கே இருக்கிறது என்பதை அறியும் வழியும் அதுதான். இதற்கு மேல் எதையாவது சொன்னால் உங்களுடையதை நான் பறித்தவன் ஆவேன். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும்: கலத்தின் தானியங்கிச் செலுத்தி நேர்கோட்டில் போகும், நடுவே சூரியன் இருந்தாலும் அதற்குள்ளேயே போகும்.

சிலருக்கு இதில் தலைசுற்றல் வரும். எடையற்ற நிலையில் திரும்புவது அப்படிப்பட்டது. கலத்தைத் தரையிறக்கப் பழகுவதற்குள் பொறுமை போய்விடுவதும் உண்டு. முதல் இரண்டு மாலைகளில் ஒன்றும் புரியாமல் அலைவதாகத் தோன்றினால் அது இயல்பே. குறிப்பேட்டை விரித்துப் பார்த்து, அதில் எந்த வதந்தி உங்களை ஈர்க்கிறதோ அதன் பின்னே போங்கள். கணினி ஒத்துழைக்காவிட்டால் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டிலோ, 2023 இறுதியில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பிலோ ஆடலாம். அதுவரை இதைப் பற்றிய காணொளி எதையும் பார்க்காமல் காத்திருப்பதே நல்லது.

இதே வழியில் வேறு சிலவும் உண்டு, அவற்றை விரைவாகச் சொல்கிறேன். சாண்ட்ஸ் ஆஃப் செனார் (2023) ஒரு கோபுரத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் வாழும் மக்களின் எழுத்துகளை, அவர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொள்ளும் ஆட்டம். இடையிடையே காவலர் கண்ணில் படாமல் ஒளிந்து போகும் பகுதிகள் மட்டும் சப்பென்று இருக்கின்றன. டியூனிக் (2022) பார்க்கக் குழந்தைகள் விளையாட்டுபோல் இருக்கும், ஆனால் அதன் சண்டைகள் கடினம். அமைப்பில் அதைத் தளர்த்தும் வசதி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஜோனாதன் ப்ளோவின் தி விட்னஸ் (2016) ஒரு தீவு முழுக்க 500-க்கும் மேற்பட்ட கோட்டுப் புதிர்களை வைத்திருக்கிறது. நான் வியக்கிறேன், ஆனால் விரும்புகிறேன் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அங்கே மனிதர்கள் யாரும் இல்லை, ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் மட்டுமே எங்கும் நிற்கிறது. 2025-இல் பெரிதும் பேசப்பட்ட புளூ பிரின்ஸை முதல் ஆட்டமாக எடுக்க வேண்டாம்; அறைகள் சீட்டுபோல் வந்து விழும் அதில் விடை தெரிந்தும் அதிர்ஷ்டம் கூடிவராமல் ஒரு மாலை முழுவதும் கழிந்துவிடக்கூடும்.

களைத்து வரும் நாள்களில் கதையைப் பின்தொடரும் தெம்பு இருக்காது. அப்படிப்பட்ட நாளுக்கு இரண்டு. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டைகாரி செய்த பாபா ஈஸ் யூ (2019) என்ற விளையாட்டில் விதிகளே திரையில் தள்ளக்கூடிய சொற்கட்டைகளாகக் கிடக்கின்றன. "வால் ஈஸ் ஸ்டாப்" என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கும்வரை சுவர் தடுக்கும். நடுக்கட்டையை ஒதுக்கித் தள்ளினால் சுவரின் ஊடே நடந்து போகலாம். "பாபா" என்ற கட்டையை எடுத்துவிட்டு அங்கே "ராக்" என்பதை வைத்தால் நீங்கள் பாறை ஆகிவிடுகிறீர்கள். எளிமையாகத் தொடங்கி, சீக்கிரமே கொடூரமான கடினத்துக்குப் போகும். முழுவதையும் முடிக்க வேண்டும் என்று நினைக்காமல் ஆடினால் நல்ல துணை. மற்றது இன்டு தி பிரீச் (2018). எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களிடம் மூன்று இயந்திரங்கள், எதிரே பூச்சிகள். அடுத்த நகர்வில் ஒவ்வொரு பூச்சியும் எங்கே தாக்கப்போகிறது என்பது முன்கூட்டியே காட்டப்பட்டுவிடும். ஆகவே கொல்வதைவிட ஒரு கட்டம் தள்ளிவிடுவதே பெரும்பாலும் சிறந்த நகர்வு. தள்ளப்பட்ட பூச்சி தன் கூட்டாளியையே தாக்கும். தோற்றால் பழி போட வேறு யாரும் இல்லை, எல்லாம் கண்முன்னேதான் இருந்தது. இரண்டும் எந்தப் பழைய கணினியிலும் ஓடும்.

வெண்பா என்ற விளையாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் தமிழில் பதில் எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மசிந்தும் போயிருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எது முதலில் எது பிறகு என்பதை விடுபட்ட வரிகளுக்கு நடுவே ஊகித்துச் செய்ய வேண்டும். சமையலறையில் நின்று பழகிய நமக்கு இவை புதிராகவே இருக்காது. வெளிநாட்டு விமரிசகர்கள் தடுமாறிய இடங்களை நாம் ஒரு நொடியில் கடந்துவிடுவோம். வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களின் சாயலில் புதிதாக அமைக்கப்பட்டவை. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. ஒரே மாலையில் முடிந்துவிடும். சமையல் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது என் குறை. கதை அவசரமாக ஆண்டுகளைத் தாண்டிப் போகிறது. ஆனாலும் கவின் தன் பெற்றோரிடம் எந்த மொழியில் பதில் சொல்கிறான் என்பதைக் கவனித்துக்கொண்டே ஆடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் பெரிய விளையாட்டுகளை நான் குறைத்துப் பேசவில்லை. விட்சர் 3-இன் கிளைக்கதைகள் சில இன்றும் என் நினைவில் இருக்கின்றன. எல்டன் ரிங்கின் நிலப்பரப்பு அசாத்தியமானது. எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கிய ஸ்டார்டியூ வேலியில் மூழ்கிப் போனவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் முதல் இரண்டும் தொடர்ந்து பல மணி நேரம் உட்கார்ந்தால்தான் பிடிபடும், உங்கள் கணினியிலும் ஓடாது. ஸ்டார்டியூ ஓடும், நிம்மதியாகவும் இருக்கும்; "இன்னும் ஒரு நாள்" என்று நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால் உங்கள் ஒரு மணி நேரக் கணக்கு அங்கே செல்லாது.

ஆடும் முறை பற்றிச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த வகையில் தவறான முறையில் ஆடினால் விளையாட்டே இல்லாமல் போய்விடும். வேறு விளையாட்டுகளில் இணையத்தில் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு ஆடினால் கொஞ்சம் சுவை குறையும். இவற்றில் மிச்சம் ஒன்றுமே இருக்காது, அறிந்துவிட்டதை மறுபடி அறிய முடியாது. அதனாலேயே இவற்றை இரண்டாம் முறை ஆடவும் முடியாது. சிக்கிக்கொண்டால் முதலில் வேறு திசையில் போய்ப் பாருங்கள்; அதுவும் நடக்கவில்லை என்றால் முடித்த ஒருவரிடம் "நான் எங்கே பார்க்காமல் விட்டிருக்கிறேன்" என்று மட்டும் கேளுங்கள், "விடை என்ன" என்று கேட்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். வீட்டில் ஆர்வமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒப்ரா டின், கோல்டன் ஐடல் இரண்டும் இருவர் சேர்ந்து வாதாடுவதற்கென்றே செய்தவைபோல் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் இவை எல்லாம் ஆண்டுக்குச் சில முறை நல்ல தள்ளுபடிக்கு வரும். விருப்பப் பட்டியலில் சேர்த்து வைத்தால் மின்னஞ்சல் வந்துவிடும். வாங்கி 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் கணினியில் ஒன்று ஓடுமா என்று சோதிக்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. போர்ட்டலில் தொடங்கி, அது பிடித்தால் உடனே ஒப்ரா டின்னுக்குப் போங்கள். ஒப்ரா டின்னில் முதல் இரண்டு மாலைகளுக்குள் யாரோ ஒரு மாலுமியின் பெயரை நீங்களாகக் கண்டுபிடித்தபோது எந்த மகிழ்ச்சியும் ஏற்படவில்லை என்றால், இந்த வகை உங்களுக்கானது அல்ல. அப்போது எனக்கு எழுதுங்கள், வேறு திசையில் யோசிப்போம்.

அவுட்டர் வைல்ட்ஸை எப்போது ஆட நேர்ந்தாலும், 2021-இல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ என்ற கூடுதல் பகுதியைச் சேர்த்தே வாங்கிவிடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மூல விளையாட்டை முடித்தபின் அதற்குப் போவதே முறை, இல்லையெனில் இரண்டின் துப்புகளும் ஒன்றோடொன்று கலந்து குழப்பும். அதில் இருட்டில் நடக்க வேண்டிய, உண்மையாகவே அச்சமூட்டும் பகுதிகள் இருக்கின்றன. இரவில் தனியாக ஆடுவதானால், அமைப்புகளில் பயத்தைக் குறைக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளலாம்.